நாங்கள் ஏறாத ட்ரக்டர்

வெள்ளம் என்றால் ஆறு கரைபுரண்டு வந்து ஊரை அடித்துக்கொண்டு போவது என்று எங்கள் நான்காம் ஆண்டுப் புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள். கூரையில் ஒரு குடும்பம், பக்கத்தில் ஒரு ஆடு, தூரத்தில் ஒரு வள்ளம். எங்கள் ஊரில் அப்படி நாடகமெல்லாம் கிடையாது. எங்களுக்கு வெள்ளம் வருவதில்லை, ஊறுகிறது. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் முதலில் கிணறு நிறையும், பிறகு கிணற்றடி, பிறகு முற்றம். கடைசியில் கூப்பிடாத விருந்தாளி மாதிரி அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அடித்துக்கொண்டு போகிற வெள்ளமாக இருந்தால் தானும் போய்விடும் என்ற ஆறுதலாவது உண்டு. எங்களுடையது போகாது.

மன்னாரிலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் போகிற வீதியில் பாதித் தூரம் வந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் எங்கள் குடியிருப்பு. நாற்பது வீடு, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில், கோயில் வாசலில் கைவிரித்து நிற்கும் மாதா. வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் நீளத்துக்கு ஒரு மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்தில் நாங்கள். பள்ளத்தில்தான் கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கும், காற்றும் முகத்தில் அடிக்காது என்று முன்னே இருந்தவர்கள் அங்கே வீடு வைத்தார்கள். அவர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல. மாரிக்காலம் பிறந்ததும் மேடு பதிந்த ஓரிடத்தில் மணலை வெட்டி, பள்ளத்துத் தண்ணீரைக் கடலுக்குள் விட்டுவிடுவார்களாம். அதற்கு மேடு வெட்டுதல் என்று பெயர். பிறகு நாட்டில் சண்டை வந்து ஊர் முழுவதும் ஓடிப்போக, வெட்ட ஆளில்லாத வருடங்களில் மேடு தன்பாட்டுக்கு வளர்ந்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது அதன் மேல் சவுக்கங்கன்றுகள் நின்றன. இங்கே மணல் அகழக்கூடாது என்று ஒரு பலகையும் நின்றது.

நாங்கள் திரும்பி வந்தபோது என்று சொன்னேன். உண்மையில் மற்றவர்கள்தான் திரும்பி வந்தார்கள், நான் புதிதாக வந்தேன். நான் பிறந்தது அகதி முகாமில், ஆறு வயது வரை வளர்ந்ததும் முகாமில். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கு முகாம் பிடிக்கும். பெரியவர்கள் அந்த வருடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கோ முகாம் என்றால் கூப்பிட்டவுடன் விளையாட ஓடிவரும் நூறு பிள்ளைகள், வரிசையில் நின்று வாங்கும் பிஸ்கட், யாரோ ஒரு வெள்ளைக்காரி தந்த நிறப் பென்சில்கள். ஊருக்கு வந்த அன்று, இதுதான் எங்கள் வீடு என்று அம்மா காட்டிய இடத்தில் இரண்டு படிக்கட்டும் ஒரு வேப்பமரமும்தான் இருந்தன. அம்மா அழுதார். நானும் அழுதேன். இரண்டு அழுகையும் ஒன்றுதான் என்று நினைத்து அப்பா எங்கள் இருவரையும் ஒன்றாகவே தேற்றினார்.

என் ஒன்பதாவது வயதில் அந்த மாரி வந்தது. ஐந்தாம் நாள் காலையில் நான் கட்டிலிலிருந்து காலை இறக்க, கால் தண்ணீருக்குள் போனது. அம்மா அதற்குள் அடுப்பை மேசைமேல் ஏற்றிவிட்டிருந்தார். கோழிகள் அலுமாரிக்கு மேல் ஏறி நின்று எங்களைக் கீழ்க்கண்ணால் பார்த்தன. அப்பா முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி, தன் வாழ்நாளில் இப்படி ஒரு மழையைக் காணவில்லை என்று சொன்னார். அவர் அதை ஒவ்வொரு மாரிக்கும் சொல்வார்.

அதே நேரம் நகரத்தில், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூட்டம் நடந்துகொண்டிருந்ததாம். மாவட்டம் முழுக்க வெள்ளம். ஆளாளுக்கு வேலையைப் பிரித்தார்கள். சமைத்த சாப்பாடு ஒரு அரசாங்கக் கந்தோருக்கு, குடிதண்ணீர் கொண்டுபோகிற பவுசர் லொறி இன்னொரு கந்தோருக்கு, மருந்தும் நுளம்புக்குப் புகையடிப்பதும் சுகாதாரப் பகுதிக்கு, வள்ளங்கள் படைக்கு. கோயில் இளைஞர்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் சேர்ந்து பாய், உடுப்பு, பிள்ளைகளுக்கான சாமான் திரட்டுவது. ஆட்களை மேட்டுப்பாங்கான பாடசாலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போவதும் பட்டியல் எடுப்பதும் அந்தந்தக் கிராம சேவகரின் தலையில். இப்போது நானும் ஒரு கந்தோரில் இருந்துகொண்டு மாரிக்கு மாரி இதே பட்டியல்களைப் போடுகிறவள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல வாய் கூசுகிறது. நன்றாகத்தான் பிரித்தார்கள். ஒன்றைத்தான் விட்டுவிட்டார்கள். தேங்கி நின்ற தண்ணீர் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

ட்ரக்டர் பத்து மணிக்கு வந்தது. ட்ரெய்லரில் எங்கள் கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு நின்றார். ஊர் வழக்கப்படி அவரை விதானையார் என்போம். விதானையார் என்றவுடன் மீசையும் தொப்பையுமாக நினைத்துவிட வேண்டாம். மெலிந்த இளந்தாரி, வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, மழைக்கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிது.

"எல்லாரும் ஏறுங்கோ. பெரிய பாடசாலையில இடம் ஒழுங்குபடுத்தியிருக்கு. சாப்பாடு, டொக்டர் எல்லாம் இருக்கு. மூண்டு நாளைக்குத்தான்" என்று அறிவித்தார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ட்ரெய்லரில் தொற்றி ஏறிவிட்டேன். அங்கே விதானையாருக்குப் பின்னால் செம்மஞ்சள் நிற மேலங்கி போட்ட ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். நகரத்திலிருந்து வந்த தொண்டர். அவளுடைய காலடியில், பொலித்தீனுக்குள், நீல நிறத்தில் அடுக்கடுக்காகப் புத்தகப் பைகள். என் பார்வை போன இடத்தைக் கண்டு அவள் சிரித்தாள். முகாமில் பதிகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்றாள். என்னுடைய பை அப்போது பழைய அரிசிச் சாக்கில் அம்மா தைத்தது. அதில் அரிசி ஆலையின் பெயர் தலைகீழாக இருக்கும், வகுப்பில் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

கீழே அம்மா வந்து நின்றார். பாவாடையை இடுப்பில் செருகியிருந்தார். அம்மா எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் றப்பர் முத்திரை பிஸ்கட் ரின்னுக்குள் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அந்த முத்திரை வந்த நாளிலிருந்து அம்மாவின் கழுத்து ஒரு அங்குலம் நிமிர்ந்துவிட்டது என்று மாமா சொல்வார். மாமா என்பது அம்மாவின் அண்ணன்.

"போன முறையும் மூண்டு நாள் எண்டுதான் சொன்னவை, சேர்" என்றார் அம்மா. "உடுத்த உடுப்போட ஏறினனாங்கள். திரும்பி வர எத்தினை வருசம் போச்சுதெண்டு தெரியுமோ?"

"அக்கா, அது சண்டை. இது மழை."

"ட்ரக்டர் அதே ட்ரக்டர்தான்."

அம்மா சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் குடியிருந்த நிலத்துக்கு ஒருவரிடமும் உறுதிப் பத்திரம் இல்லை. திரும்பி வந்தபோது தந்த ஒரு அனுமதிக் கடிதம்தான் இருந்தது. மாரிக்கு மாரி வெள்ளத்தில் எழும்பி ஓடுகிற ஊர் என்று பதிவானால், இது குடியிருக்க ஏற்ற இடமில்லை என்று எழுதி, எல்லாரையும் கடலில்லாத ஒரு காட்டுப் பக்கம் கொண்டுபோய் இருத்திவிடுவார்கள் என்று அந்த வருடம் ஊரில் பலத்த பேச்சு அடிபட்டது. கடலில்லாத இடத்தில் மீன்பிடிகாரன் என்ன செய்வான், காகம் கலைப்பானா? ட்ரெய்லரில் ஒரு காலை வைத்திருந்த பக்கத்து வீட்டு மாமி அந்தக் காலை மெதுவாக இறக்கினார். அதன் பிறகு ஒருவரும் ஏறவில்லை, ஊராரில் ட்ரெய்லரில் நின்றது நான் ஒருத்திதான்.

"இறங்கு" என்றார் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், இறங்கினேன். தண்ணீரில் வேண்டுமென்றே ஓங்கி மிதித்து அம்மாவின் முகத்தில் தெறிக்க வைத்தேன். அம்மா முகத்தைத் துடைக்கவும் இல்லை.

ஊர் அன்றே மேட்டில் ஏறியது. கரைவலைக்காரர் வலைபோட்டு வைக்கிற ஓலை வாடிகள் ஐந்து அங்கே இருந்தன. அவற்றுக்குள் பிள்ளைகளையும் வயதானவர்களையும் இருத்தி, மிச்சப் பேருக்குத் தறப்பாள் கட்டினார்கள். கோயில் பெருநாளுக்குச் சமைக்கிற கிடாரம் மேட்டுக்கு வந்தது. யார் வீட்டில் நனையாத அரிசி இருக்கிறதோ அது கிடாரத்துக்குள் போனது. அம்மா ஒரு கொப்பியில் யார் விறகு, யார் தண்ணீர், யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்று எழுதி முத்திரையும் குத்தினார். விறகு கொண்டுவருவதற்கு முத்திரை எதற்கு என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டு விறகு கொண்டுவரப் போனார்.

விதானையார் மறுநாளும் வந்தார். பாடசாலையில் ஆறு வகுப்பறை காலியாகக் கிடக்கிறது, சமைத்த சாப்பாடு வீணாகிறது, மேலிடத்தில் தன்னைக் கேட்கிறார்கள் என்று கெஞ்சினார். கூட வந்த செம்மஞ்சள் அக்கா விதிகளைப் பற்றிக் கவலைப்படாமல் கையோடு கொண்டுவந்த சோத்துப் பாசல்களை இறக்கிக்கொண்டிருந்தாள். முகாமில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பாசல் என்பது விதி. விதானையார் அந்த நேரம் பார்த்துக் கடலில் எதையோ தேடினார்.

அம்மா பாசல்களுக்கு நன்றி சொன்னார். பிறகு அவளிடம், "தங்கச்சி, நாளைக்குப் பாசல் வேண்டாம். மண்வெட்டி கொண்டு வாங்கோ. கனக்கக் கொண்டு வாங்கோ" என்றார்.

விதானையாரின் தலை படாரென்று திரும்பியது. மேட்டில் கைவைப்பதற்குக் கரையோரத்துக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து அனுமதி வரவேண்டும், அதற்குக் கடிதம் எழுத வேண்டும், இயந்திரம் அனுப்ப வேண்டும், இயந்திரமோ அருவியாற்றுப் பக்கம் உடைந்த வீதியில் நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார். எத்தனை நாள் எடுக்கும் என்று அப்பா கேட்டார். விதானையார் விரல்களை மடக்கினார், பிறகு விரித்தார், பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடிய, மழை விட்டிருந்த நேரத்தில் இரண்டு ட்ரக்டர்கள் வந்தன. ஒன்றில் கீரி, ஓலைத்தொடுவாய் என்ற ஊர்களிலிருந்து வந்த கோயில் பெடியள், மற்றதில் நகரத்துப் பள்ளிவாசல் பெடியள். எல்லாருமாக முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு மண்வெட்டி. வேறு ஊர்களுக்குப் பாய் கொடுக்கப் போகவேண்டியவர்கள் அவர்கள். செம்மஞ்சள் அக்கா அவர்களிடம் என்ன சொல்லி அழைத்து வந்தாளோ தெரியாது. விதானையாரும் வந்தார். வந்தவர் வாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து, மேட்டுக்கு முதுகு காட்டிப் போட்டு, வயல்வெளியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அன்று மாலை வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கழுத்து வலித்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு எந்த வேலையையும் கரைவலை இழுக்கிற மாதிரித்தான் செய்யத் தெரியும். கரைவலைக்கு இரண்டு கயிறு. கரையில் ஒரு கூட்டம் ஒரு கயிற்றையும், தூரத்தில் இன்னொரு கூட்டம் மற்றக் கயிற்றையும் பிடித்து இழுக்கும். மீன் நிற்கிற மடி கரைக்குக் கிட்ட வர வர, இரண்டு கூட்டமும் இழுத்தபடியே ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து கடைசியில் ஓரிடத்தில் சேரும். ஒரு கயிற்றுக்கு அப்பா தலைவர், மற்றதற்கு மாமா. இருவரும் மைத்துனர்மார். எந்தக் கயிறு சோம்பல் கயிறு என்று இருபது வருடமாக அவர்களுக்குள் வழக்கு. ஆகவே மேடு வெட்டவும் இரண்டு கூட்டம் ஆனது. அப்பாவின் கூட்டம் பள்ளத்துப் பக்கத்திலிருந்து, மாமாவின் கூட்டம் கடல் பக்கத்திலிருந்து. வந்த பெடியளும் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். நடுவில் மேடு உயர்ந்திருந்ததால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குத் தெரியாது, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் சத்தம் மட்டும் கேட்கும். மணல் அகழக்கூடாது என்ற பலகையை யாரோ பிடுங்கி மணல் தள்ளப் பயன்படுத்தினார்கள். யார் என்று கேட்டால் ஊரில் இன்றைக்கும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

உச்சி வெயில் நேரத்தில் இரண்டு பக்கத்து அம்பாவும் மிக அருகில் கேட்டது. பிறகு ஒன்றையொன்று தாண்டிப் போனது. நாங்கள் பிள்ளைகள் மேட்டின் உச்சியில் நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு வாய்க்காலும் ஆறு காலடி இடைவெளி விட்டு, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, நேரே எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தன. வலை இழுக்கிற பழக்கத்தில், மாமா தன் பக்கம் நகர்ந்து வருவார் என்று அப்பா நேரே வெட்டியிருக்கிறார். அப்பா நகர்ந்து வருவார் என்று மாமா நேரே வெட்டியிருக்கிறார். இருவரும் மேலே ஏறி வந்து, இடுப்பில் கைவைத்து, யார் வளைந்து வரவேண்டியது என்று தொடங்கினார்கள். இருபது வருட வழக்கு முழுவதும் அந்த மணலில் இறங்கியது. வானம் வேறு மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மா கிடாரத்தில் சோறு அள்ளுகிற தகரச் சட்டியோடு இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் குதித்து, குறுக்கே கிண்டத் தொடங்கினார். பக்கத்து வீட்டு மாமி ஒரு தாச்சியோடு குதித்தார். பிறகு பெண்கள் எல்லாரும் கையில் கிடைத்த சட்டி, வாளி, மூடியோடு இறங்கினார்கள். ஓலைத்தொடுவாய்ப் பெடியன் ஒருவன் வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கினான். கடைசியில் மைத்துனர்மார் இருவரும் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் மடித்த மாதிரிக் கோணலான ஒரு வாய்க்கால் அது. தண்ணீருக்கு அழகு வேண்டியதில்லை. முதலில் கணுக்காலளவு ஓடியது, பிறகு கரையை இடித்துத் தானே பாதையை அகட்டிக்கொண்டு, மூன்று மணிக்கெல்லாம் பெருஞ்சத்தத்தோடு கடலில் விழுந்தது. அதன் ஓரத்தில் நின்று ஆண்களும் பெண்களும் கத்திய கத்தல், தண்ணீரின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பள்ளிவாசல் பெடியள் அல்லாஹு அக்பர் என்றார்கள், எங்கள் ஆட்கள் மரியே வாழ்க என்றார்கள், தண்ணீர் இரண்டையும் கேட்டுக்கொண்டு போனது. பொழுது சாய எங்கள் வீட்டுப் படிக்கட்டு வெளியே தெரிந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஊர் ஜெயித்த கதை. மறுநாள் காலையில் விதானையார் ட்ரக்டரோடு மறுபடியும் வந்தார். இந்த முறை ட்ரெய்லரில் ஆட்களுக்கு இடமில்லை. அரிசி மூட்டை, பருப்பு, மா, சீனி, தகரத்தில் அடைத்த ரின்மீன். மீன்பிடிகாரருக்கு ரின்மீன் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். மேலே நீலப் பைகள். நான் மாதாவின் காலடியில் போய் நின்றுகொண்டு, பத்து அருள்நிறை மரியே செபம் சொல்கிறேன், ஒரு பை என்று பேரம் பேசினேன்.

விதானையார் கோயில் வாசலில் மேசை போட்டுப் படிவங்களை விரித்தார். வெள்ளத்தால் இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களின் பட்டியல் என்று மேலே அச்சடித்திருந்தது. உலர் உணவு அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களுக்குத்தான் கொடுக்கலாம். அவர் குரலைத் தாழ்த்தி, "மூண்டு நாளும் பாடசாலையில நிண்டதெண்டு கையெழுத்து வையுங்கோ. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

அது அவருடைய வேலைக்கே உலை வைத்திருக்கக்கூடிய பொய். எங்களுக்காகத்தான் சொன்னார். இவ்வளவு நல்ல மனதோடு சொல்லப்பட்ட பொய்யை அதன் பிறகு நான் எந்தக் கந்தோரிலும் கேட்டதில்லை. ஊர் மளமளவென்று வரிசையில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? வீடுகளில் அரிசி நனைந்து புளித்துப்போயிருந்தது. அப்பாவும் வரிசையில் நின்றார். செயலாளர் என்ற மரியாதைக்குப் பேனை முதலில் அம்மாவின் கைக்கு வந்தது.

அம்மா படிவத்தைத் தலைப்பிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"நாங்கள் எங்கையும் போகேல்லை, சேர்."

"அது எனக்குத் தெரியும் அக்கா. இது சும்மா ஒரு பேப்பர்தானே."

"பேப்பர் எண்டபடியாத்தான் சொல்லுறன்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகள் பசியில் கிடக்க இவருக்கு ரோசம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பின்னால் ஒருவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அவர் திரும்பி, வைக்கிறவர்கள் வைக்கலாம், ஒருவரையும் நான் மறிக்கவில்லை, நான் வைக்கமாட்டேன் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் தமிழ்க் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நடு ஒற்றைத் தாள்கள் மட்டும்தான் அதில் நனையாமல் இருந்தன. அவற்றைக் கிழித்து, கோயில் சுவரில் வைத்து, நின்றபடியே கடிதம் எழுதினார். மழையால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நாங்கள், எங்களுக்கு உணவு தேவை, ஆனால் நாங்கள் இடம்பெயரவில்லை. அவ்வளவுதான் கடிதத்தின் சாரம். எழுதி முடித்து, தன் பெயரைப் போட்டு, பிஸ்கட் ரின்னைத் திறந்து முத்திரையைக் குத்தினார். முத்திரைக்கு மை போதவில்லை. எச்சில் தொட்டுத் திரும்பவும் குத்தினார்.

விதானையார் அரிசி மூட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கடிதத்தை மேலே கொடுத்தால் பதில் வரும்வரை ஒரு மணி அரிசிகூட இறக்க முடியாது, பதில் வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்போது மாமா வரிசையை விட்டு வெளியே வந்தார். மச்சானுக்கு முதல் நான் வைக்கவேணும், பிறகு அவர் தான்தான் முதல் வைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார் என்றபடி கடிதத்தில் கையெழுத்தை வைத்தார். அப்பா அடுத்தது. பின்னால் நின்று ரோசத்தைப் பற்றிப் பேசியவர் ஐந்தாவது. நாற்பது வீடும் வைத்து முடிய இரண்டு ஒற்றை நிறைந்தது. கையெழுத்து வைக்கத் தெரியாதவர்களின் பெருவிரல்களுக்கு அம்மா தானே பேனை மை பூசினார்.

விதானையார் கடிதத்தை நாலாக மடித்து மழைக்கோட்டின் உள்பையில் வைத்தார். ட்ரக்டர் கிளம்பியது. செம்மஞ்சள் அக்கா ட்ரெய்லரில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். பைகளும் அதே பட்டியலுக்குத்தான் கட்டுப்பட்டவை. அவள் கையசைத்தாள், நான் அசைக்கவில்லை. ஒழுங்கை முடிந்து வீதிக்கு ஏறும்வரை அந்த நீலம் தெரிந்தது. பிறகு நான் ஈர மணலில் விழுந்து புரண்டு, ஊர் முழுக்கக் கேட்க அழுதேன். முகாமுக்குப் போயிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

பதில் வர பன்னிரண்டு நாள் எடுத்தது. பதிலோடு அரிசியும் வந்தது, பாதி அளவு. அதற்கிடையில் பள்ளிவாசல் பெடியள் இரண்டு தரம் அரிசி கொண்டுவந்து தந்தார்கள், யாரையும் எதிலும் கையெழுத்து வைக்கச் சொல்லவில்லை. பள்ளத்துத் தண்ணீர் கடலில் விழுந்த இடத்தில் மீன் கூடியது. அந்தக் கிழமை இரண்டு கயிறும் சண்டையில்லாமல் இழுத்தன. ஊரை யாரும் அங்கிருந்து எழுப்பவில்லை, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. இதெல்லாம் பிறகு நடந்தவை.

நான் சொல்ல வந்தது அன்று பின்னேரத்தைப் பற்றி. அழுது ஓய்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். அம்மா கடிதத்தை இரண்டாக எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்று விதானையாரோடு போனது, மற்றது பிஸ்கட் ரின்னுக்குள். அதை எடுத்து என்னிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும். என்னை வேண்டுமென்று வதைக்கிறார் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் கடகடவென்று வாசித்தேன். "மேற்படி குடும்பங்கள் தமது வீடுகளை விட்டு எங்கும் செல்லவில்லை" என்பது கடைசி வரி.

"அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்ப வாசி" என்றார்.

வாசித்தேன். அவசரப்படாமல் ஆறுதலாக வாசிக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறுதலாக வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். தானே எழுதிய ஒரு வரியை, அதுவும் இப்படிச் சப்பென்ற ஒரு வரியை, சேற்றுக்குள் நின்றுகொண்டு மூன்று தரம் கேட்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அம்மாவுக்கு வெள்ளத்தில் மூளை கொஞ்சம் குழம்பிவிட்டது என்றுதான் முடிவு கட்டினேன். சண்டையில் ஊரை விட்டு ஓடிய பத்தொன்பது வயதிலிருந்து அம்மாவின் பெயர் ஏறிய ஒவ்வொரு தாளும் அவர் எங்கிருந்தோ போய்விட்டார் என்று மட்டுமே சொல்லி வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.